பெண் பார்க்கப் போய் பிராசஸர் பார்த்தவனுக்கு

போன வாரம் எனக்கு ஒரு புது லேப்டாப் வந்தது. மகன் வாங்கி அனுப்பியது. மூடியைத் திறந்தால், கை வைக்கும் இடத்தின் ஓரத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். உள்ளே இருக்கும் பிராசஸர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, எப்பேர்ப்பட்ட சூரன் என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் என் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பத் தொடங்கிவிட்டது. "புதுசு மாமா, ஏன் பிய்க்கிறீங்க?" என்றாள் மருமகள். விரல் என்னுடையது, பழக்கம் இன்னொருவனுடையது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பிய்த்து முடித்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஸ்டிக்கர் வெளில ஒட்டினது. ஒட்டினவனுக்கு என்ன தெரியும்? உள்ள இருக்கறவனைக் கேளு" என்பாய்.

உள்ளே இருப்பவனை நீ முதலில் கேட்டதை நான் பார்த்தது தி. நகரில், நம் பத்திரிகை அலுவலகத்தில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் நிருபர், நீ கம்ப்யூட்டர் பிரிவு. உன் அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு, அதற்குள் வர நாங்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆசிரியரின் அறைக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் நீ ஒரு ஃப்ளாப்பி வைத்திருப்பாய். யூனிக்ஸின் தம்பி என்று நீ சொல்லும் லினக்ஸ் என்ற இயங்குதளம் அதற்குள் சுருண்டு கிடக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைச் செருகி, கறுப்புத் திரையைக் கொண்டுவந்து, பேச்சைத் தொடங்கிவிடுவாய்.

அன்றைக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆள் பெட்டியைத் தட்டிக் காட்டினான். "பென்டியம் சார். சும்மா பறக்கும். உள்ள யானை கீது."

ஃப்ளாப்பியைச் செருகினாய். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாய்: cat /proc/cpuinfo. அந்த வரியை அப்புறம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன் என்றாலும் முதல் முறை பார்த்தது மறக்கவில்லை. திரையில் வரிவரியாக வாக்குமூலம் வந்தது. நான் இன்ன குடும்பம், இன்னார் செய்தது, இன்ன வேகம். அதோடு விடவில்லை. பிராசஸர்களுக்கு வரக்கூடிய கோளாறுகளையும் பெயர் சொல்லி, இது இல்லை, அது இல்லை என்று தானே எழுதிக்கொண்டு போனது.

"இன்னாடா இது, ஜாதகம் மாதிரி கீது?" என்றேன்.

"ஜாதகம்தான். ஆனா இதைத் தரகர் எழுதலை" என்றாய்.

அந்த ஜாதகத்தின்படி உள்ளே இருந்தது பென்டியம் இல்லை; அதற்கு முந்தைய தலைமுறையான 486. கொண்டுவந்த ஆள் திரையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "மாறிப் போச்சு நைனா. இது வேற பார்ட்டிக்குப் போவ வேண்டியது" என்று சொல்லிவிட்டு, அந்த வேற பார்ட்டியைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

இந்தப் புத்தியை நீ அலுவலகத்தோடு நிறுத்தியிருந்தால் உன் அக்கா நிம்மதியாக இருந்திருப்பாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் உனக்குப் பெண் தேடும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. கோபாலபுரத்தில் பெண்ணின் அப்பா, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வெளிநாட்டிலிருந்து வந்தது என்றார். நீ எழுந்து போய் அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்து, எந்த ஊரில் செய்தது என்பதைச் சத்தமாகப் படித்தாய். ஆதம்பாக்கத்தில் வீணை. தாத்தா காலத்து வீணை என்றார்கள். நீ அதை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாய். அடியில் கடை லேபிள், பசைகூடக் காயாத மாதிரி.

"உண்மையைத்தானே சொன்னேன்?" என்றாய் அக்காவிடம்.

"உண்மையை உன்னை யாருடா கேட்டா?" என்றாள் அவள்.

மயிலாப்பூர் வரன் வந்தபோது நீ கொஞ்சம் மாறிப்போயிருந்தாய். பெண்ணைப் பற்றிய விவரத் தாளில் அடையாறில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒரு வரி இருந்தது. மெஸ்ஸில் எனக்கெதிரே உட்கார்ந்து ரசத்தை ஆறவிட்டு அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாய். "இவகிட்ட பேசறதுக்கு எனக்கு விஷயம் இருக்குடா" என்றாய். உனக்கு முப்பது தாண்டியிருந்தது. அதுவரை எந்தப் பெண்ணைப் பற்றியும் நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த இடமும் கைநழுவினால் நீ இன்னொரு முறை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது என்னையும் வரச் சொன்னாள்.

"நீங்க அவன் பக்கத்துலயே உக்காந்துக்கோங்கோ. எதையாவது திருப்பிப் பாக்கப் போனான்னா கையைப் பிடிச்சுக்கோங்கோ."

ஆட்டோவில் உன்னிடம் சத்தியமே வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்க மாட்டேன். டம்ளரைக்கூட. நீ சரி என்று தலையாட்டினாய். அப்போதுதான் உன் சட்டைப்பை அவள் கண்ணில் பட்டது. "இது என்னது? கொடு இப்படி." ஃப்ளாப்பி அவள் கைப்பைக்குள், பெண்ணுக்கு வாங்கிய மல்லிகைப் பொட்டலத்தின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ஆயுதம் பறிக்கப்பட்ட போலீஸ்காரன் மாதிரி நீ லஸ் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பெண்ணின் அப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிரித்த முகம், நெற்றி நிறைய விபூதி. என்னைப் பத்திரிகைக்காரன் என்று அக்கா அறிமுகம் செய்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பஜ்ஜித் தட்டு கைக்கு வருவதற்குள், "சாருக்கு நம்மாத்துக் கம்ப்யூட்டரைக் காட்டணுமே" என்று எழுந்துவிட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்தாய்.

கூடத்து மூலையில் மேஜை. அதன்மேல் சுருக்கம் வைத்துத் தைத்த பூப்போட்ட துணி உறைக்குள் கம்ப்யூட்டர். சன்னிதியில் திரை விலக்குவதுபோல் உறையை ஒரு பக்கமாக விலக்கினார். பெட்டியின் நெற்றியில் ஸ்டிக்கர். அதற்குக் கீழே குங்குமம்.

"பென்டியம்!" என்றார். "மாம்பலத்துல நானே நேர்ல போய் எடுத்தேன். கடைக்காரன் சின்னப் பையன், ரொம்ப மரியாதை. மாமா, இது உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்னான்."

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள் அக்கா அவசரமாக. அதோடு முடிந்திருக்கும். அவர் மானிட்டரையும் போட்டுவிட்டார். கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மகள் லினக்ஸில் வேலை செய்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறாள்.

"இதென்ன, இருட்டா இருக்கு? கெடுத்துட்டாளா?" என்று அவர் பதறினார்.

உன் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெளியூரில் தொலைந்தவன் தன் தெருப் பெயரைக் கேட்ட மாதிரி இருந்தது. ஒரு மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கறுப்புத் திரை உன்னைப் பார்த்துக் கண் சிமிட்டும் என்று நீ எதிர்பார்த்திருக்கவில்லை. "மாமா, நான் பாக்கலாமா?" என்று எழுந்தாய். அக்காவின் கையில் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. நான் கொடுத்த வாக்குப்படி உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"திருப்பலைடா. தட்டறேன்" என்று முணுமுணுத்துக் கையை உருவிக்கொண்டாய்.

உட்கார்ந்து தட்டினாய். அதே ஒரு வரி. அதே மாதிரி வாக்குமூலம் இறங்கியது. அந்தத் திரையை வாசிக்க எனக்கும் அதற்குள் ஓரளவு பழகியிருந்ததால், எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தேன். 486. ஒருவேளை நம் அலுவலகத்திலிருந்து இடுப்பில் ஏறிப் போன அதே பெட்டிதானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"என்ன போட்டிருக்கு? என்ன போட்டிருக்கு?" என்று அப்பா சட்டைப்பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடி அங்கே இல்லை. டி.வி. மேல் தேடினார். பூஜை அலமாரியில் தேடினார். உன் கல்யாணம் அந்தக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய்; சொன்னால் குங்குமம் வைத்தவர் மனசு உடையும்; அதன் பிறகு சொஜ்ஜியைத் தின்றுவிட்டு நாம் மூன்று பேரும் ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கபாலீஸ்வரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் காபித் தட்டோடு பெண் வந்தாள். முறைப்படி முதலில் அக்காவிடம் போயிருக்க வேண்டும். நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தாள். திரையைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையை உன் தோளுக்கு மேலாக நீட்டி, 'கிளியர்' என்று அடித்து என்டரைத் தட்டினாள். எழுத்தெல்லாம் துடைத்துக்கொண்டு போயிற்று. காபி ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவள் அப்பா கண்ணாடியோடு ஓடி வந்து குனிந்தார். "ஒண்ணுமே இல்லையே? இப்ப என்னமோ ஓடித்தே?"

"காபி ஆறிடும்ப்பா" என்றாள்.

அவர் விடவில்லை. உன் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தேளே, சொல்லுங்கோ. பென்டியம்தானே?"

மந்திரிகளின் பேட்டிகளிலும் கோர்ட்டிலும் எத்தனையோ மௌனங்களை உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் விழுந்த மாதிரி ஒன்று அமைந்ததில்லை. நீ அவளைப் பார்த்தாய். அவள் டபராவைப் பார்த்தாள்.

"மெஷின் நன்னா இருக்கு மாமா. ரொம்ப நன்னா வெச்சிண்டிருக்கேள்."

"அப்படிச் சொல்லுங்கோ!" என்று அவர் உன் முதுகில் தட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து உங்கள் இருவரையும் அதே மேஜைக்குப் பக்கத்தில் பேசவிட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்று நீ அப்புறம் என்னிடம் சொன்னாய். அது 486 என்பது பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லத்தான் போனாள். "அதுக்குள்ள குங்குமம் வெச்சுட்டார். அப்புறம் எப்படிச் சொல்றது?"

திரும்பும்போது ஆட்டோவில் நீ சந்தோஷமாக இருப்பாய் என்று பார்த்தால், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "நான் பொய் சொல்லிட்டேன்டா."

"எங்கடா சொன்ன? கேட்டது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. மந்திரிங்க தினம் பண்றாங்க. நானும் தினம் எழுதிக்கினுதான் இருக்கேன்."

"பொய்யோ நிஜமோ, பொண்ணு பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு" என்றாள் அக்கா.

"கிளியர் அடிச்சாக்கா."

"என்னத்தை அடிச்சா?"

"ஒரு கையால. தட்டு சாயாம" என்றாய். அக்கா என்னைப் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று நான் மொழிபெயர்த்தேன்.

கல்யாணம் ஆயிற்று. உன் தண்டனையும் அன்றிலிருந்து தொடங்கிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் உன் மாமனார் பூப்போட்ட உறையை விலக்கினார். "மாப்ளையே உள்ள எறங்கிப் பாத்து ஓகே சொன்ன மெஷின்" என்றார். தலை தீபாவளிக்குப் போனபோது உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். நீ சிரித்து வைத்தாய். உன் சிரிப்பை நம்பி எதிர்வீட்டுக்காரர் அதே கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தார். அவருக்கும் கடைக்காரன், "மாமா, உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்" என்றானாம். பக்கத்து வீட்டு வாத்தியாரும் போகக் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டதும் நீ என்னைத் தேடிக்கொண்டு நான் தங்கியிருந்த திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கே வந்துவிட்டாய். "ஒரு சந்தே என் பேர்ல ஏமாந்துண்டிருக்குடா."

"அப்ப உண்மையைச் சொல்லிடு."

"குங்குமம் இருக்கேடா" என்றாய். அதற்குள் நீயும் அந்த வீட்டு ஆளாகியிருந்தாய்.

வாத்தியாரை எப்படியோ வேறு கடைக்குத் திருப்பிவிட்டாய். பிறகு நீயும் அவளும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டீர்கள். பொய்யைத் திரும்பப் பெற முடியாது. அதனால் அதை உண்மையாக்கிவிடுவது. பங்குனி உற்சவத்தில் அறுபத்து மூவர் அன்று உன் மாமனாரும் மாமியாரும் மாட வீதிக்குக் கிளம்பினார்கள். நீங்கள் இருவரும் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பெட்டியைப் பிரித்துப் போட்டீர்கள். அடியிலிருந்த போர்டு, பிராசஸர் எல்லாவற்றையும் கழற்றி நிஜமான பென்டியத்தை வைத்தீர்கள். சந்து முனையில் நின்று காவல் காத்தது, பத்து வருட அனுபவமுள்ள நிருபர். அவ்வளவு பெரிய ஊர்வலம் நடக்கும் ஊரில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டுக்காரர் நீர்மோர் கொடுத்துவிட்டு, "யாரைத் தேடறேள்?" என்றார். சாமியை என்றேன். சாமி அந்தப் பக்கம் என்று கைகாட்டினார்.

மாமனார் திரும்பி வந்தபோது உறை போட்டபடி இருந்தது, குங்குமம்கூட அழியவில்லை. அவர் கால் கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டு, சீட்டாட்டம் ஆடினார். சற்று நேரத்தில் முகம் சுருங்கியது.

"என்னன்னு தெரியலை மாப்ளே. இன்னிக்கு இது கொஞ்சம் மெதுவா இருக்கே. பழைய வேகம் இல்லை."

உன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நீ உட்கார்ந்து, கறுப்புத் திரையைக் கொண்டுவந்து, அந்த ஒரு வரியை அடித்து, கண்ணாடியை நீயே எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாய். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பென்டியம். "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

இதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைத்தேன். உனக்கு ஆகவில்லை. "இப்ப உண்மைடா. அன்னிக்கு உண்மை இல்லையே" என்றாய். அடையாறில் தனிக்குடித்தனம் வந்து, குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போய், வேலைக்கும் போன பிறகும், கடற்கரையில் நாம் நடக்கப் போகும்போது எப்போதாவது நின்று கேட்பாய். "அன்னிக்கு மாமா கேட்டப்ப பட்டுனு உண்மையைச் சொல்லியிருந்தா, அவ என்னைப் பண்ணிண்டிருப்பாளா?" போய் அவளையே கேளேன் என்பேன். நீ செருப்பிலிருந்து மணலைத் தட்டுவாய். டம்ளரின் அடி முதல் ஃப்ரிட்ஜின் முதுகு வரை எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டவன், இந்த ஒன்றைக் கேட்க இருபத்தைந்து வருடமும் பயந்தாய். ஒரு பொய்க்குக் கிடைத்த பெண்டாட்டி என்று உனக்கு நீயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தாய்.

உன் பதிமூன்றாம் நாள் காரியங்களெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போனபின் ஒரு மாலை அடையாறு வீட்டுக்குப் போனேன். அவள் காபி கொடுத்தாள். வேறு பேச்சுகள் பேசிவிட்டு, தொழில் புத்தியோடு கேட்டேன். அன்றைக்கு அவன் உங்கள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால்?

"இதை நினைச்சுண்டா இருந்தார்?" என்றாள். பிறகு சொன்னாள். "அண்ணா, நான் சமையல் ரூம் வாசல்லேர்ந்து பாத்துண்டேதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி வந்தவாள்லாம் என்னைப் பாடச் சொன்னா. சமைப்பியான்னு கேட்டா. இவர் ஒருத்தர்தான் என் மெஷின் முன்னாடி உக்காந்து, அதுல என்ன இருக்குன்னு பாத்தார். அவர் என்டர் தட்டறதுக்குள்ள நான் முடிவு பண்ணியாச்சு."

"அப்பா?"

"அப்பா ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். நானும் சாப்பிட மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அவர் எறங்கி வந்திருப்பார்."

"அப்ப கிளியர் அடிச்சது?"

"அது அப்பாவுக்காக. இவருக்காக இல்லை."

"இதை அவன்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவர் கேக்கவே இல்லையே" என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது.

ஆக, செய்தி இதுதான். நேரில் கேட்டது, நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்தது, ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. அடையாறிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் எழுதிவிட்டேன். இவ்வளவு நல்ல செய்தியை என் தொழிலில் நான் அதிகம் கொண்டுவந்ததில்லை. அதைக் கொடுக்க வேண்டிய ஆள் ஒருவன்தான். இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். முடிக்கவும் முடியவில்லை; எந்தச் செய்திக்கும் கடைசி வரியாக மறுதரப்பின் கருத்தைக் கேட்டுப் போட வேண்டியிருக்கிறது.